பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

கார் வாங்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்கு அழைப்பது இந்தப் பத்தியை எழுதத் தொடங்கியதிலிருந்து வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டுத்தான் அழைப்பார்கள். நான் காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, "நல்ல கார்தான்" என்று தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் அழைத்தான். "மாமா, சீல் வந்திருச்சு. ஷோரூம்ல நிக்குது. பார்க்கப் போலாமா?" குரலிலேயே புக்கிங் பணம் கட்டிவிட்ட சந்தோஷம். ஷா ஆலமில் பொறியியலாளர். 31 வயது. இன்றுவரை அவன் ஓட்டுவது அவன் அப்பா வாங்கிய பழைய பெரோடுவா அல்சா. அத்தான் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. புதுக்கார் வாங்க அவனுக்கு எல்லாத் தகுதியும் உண்டு.

"சரி, அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றேன்.

"அம்மாவுக்கு முட்டி வலி மாமா. எதுக்கு அவங்களுக்கு அலைச்சல்?"

"அதுக்குத்தான் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

பிஒய்டி நிறுவனத்தின் சீல் 2024 பிப்ரவரியில் மலேசியாவில் அறிமுகமான நடுத்தர அளவு மின்சார செடான். கடல் உயிர்களின் பெயர்களை வைக்கும் வரிசை ஒன்று அந்த நிறுவனத்துக்கு உண்டு. அதில் டால்பின் 2023-இலேயே வந்துவிட்டது. சீல் என்றால் கடல்நாய். மலாயில் 'அன்ஜிங் லாவுட்' என்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னதும் விலை கேட்டார். பிரீமியம் 179,800 ரிங்கிட், பெர்ஃபார்மன்ஸ் 199,800 ரிங்கிட் என்றேன். "நாய்க்கா இந்த விலை?" என்றார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் இந்தக் காரை ஓட்டவில்லை. பார்த்தேன், தொட்டேன், நான்கு இருக்கையிலும் உட்கார்ந்தேன். ஆகவே இந்த வாரம் தோற்றமும் உட்புறமும் மட்டும்.

காற்று செதுக்கிய உடம்பு

அழகான கார். அதில் சந்தேகமே இல்லை. மூக்கு தாழ்ந்து, கூரை முன்னிருந்து பின்னுக்கு ஒரே வளைவாக வழிந்து இறங்குகிறது. முன்விளக்குகளுக்குக் கீழே, பம்பரின் இரு ஓரங்களிலும் அலை ஒதுங்கியதுபோல் விளக்குக் கோடுகள். பின்பக்கம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே சிவப்பு விளக்கு. குனிந்து பார்த்தால் அதற்குள் நீர்த்துளி போன்ற சின்னச் சின்னப் புள்ளிகள். பிஒய்டியின் வடிவமைப்புத் தலைவர் வொல்ஃப்காங் எகர், முன்பு ஆல்ஃபா ரோமியோவிலும் ஆடியிலும் பணியாற்றியவர். அந்தக் கைப்பழக்கம் இந்தக் காரின் பக்கவாட்டில் தெரிகிறது.

முன்னால் பெரிய கிரில் இல்லை. மூக்குக்குள் பெட்ரோல் இயந்திரம் இல்லாததால் அவ்வளவு காற்று உள்ளே போகத் தேவையில்லை. கதவுக் கைப்பிடிகளும் உடம்போடு உடம்பாக உள்ளே ஒளிந்திருக்கின்றன. பூட்டைத் திறந்தால்தான் வெளியே நீளும். "கைப்பிடியை எங்கடா வச்சிருக்கான்?" என்று அக்கா கதவைத் தடவித் தேடினார்.

இவையெல்லாம் பார்ப்பதற்காக மட்டும் செய்தவை அல்ல. மின்சாரக் காருக்கு முதல் எதிரி காற்று. வேகமாக ஓடும்போது காற்றைத் தள்ளுவதற்கே மின்சாரம் நிறையச் செலவாகும். காற்று எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறதோ, ஒரு தடவை சார்ஜ் செய்து அவ்வளவு தூரம் போகலாம். சீலின் காற்றுத்தடை எண் 0.219. விற்பனைக்கு வரும் கார்களில் இது மிகக் குறைந்த எண்களில் ஒன்று. பிரீமியம் ரகம் ஒரு சார்ஜில் 570 கிலோமீட்டர் ஓடும் என்று ஐரோப்பிய அளவீட்டு முறையில் சொல்லப்படுவதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம்.

அந்த அழகுக்கு ஒரு விலையும் உண்டு. கூரை எந்த இடத்தில் சரியத் தொடங்குகிறதோ, அதற்கு நேர் கீழே ஒருவர் உட்காரப் போகிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்சீட்டு: இளைஞர்களின் சொர்க்கம்

அக்கா மகன் ஓட்டுநர் இருக்கையில் ஏறிய பிறகு பத்து நிமிடம் இறங்கவே இல்லை. அவனைக் குறைசொல்ல மாட்டேன். வைரக்கட்டம் போட்டுத் தைத்த இருக்கைகள். தோளை அணைத்துப் பிடிக்கும் சாய்மானம். கை படுகிற இடங்களில் எல்லாம் மெத்தென்ற துணியும் தோலும். கடினமான பிளாஸ்டிக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கியர் பிடி படிகக்கல் போல மின்னுகிறது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "சென்ட் பாட்டில் மூடி மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நடுவில் 15.6 அங்குலத் திரை. பொத்தானை அழுத்தினால் படுத்திருக்கும் திரை எழுந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் படுத்துக்கொள்ளும். என் மருமகன் நான்கு தடவை சுழற்றிக் காட்டினான். வழிகாட்டிப் படத்துக்கு நிமிர்ந்த திரை நல்லது, முன்னால் இருக்கிற சாலை நீளமாகத் தெரியும். வாங்கிய முதல் மாதத்துக்குப் பிறகு எத்தனை பேர் சுழற்றுவார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் 10.25 அங்குலத் திரை. வேகம் எவ்வளவு என்று பார்க்க நடுத்திரைக்குக் கண்ணைத் திருப்ப வேண்டியதில்லை. இதன் நேரடிப் போட்டியாளரான டெஸ்லா மாடல் 3-இல் ஓட்டுநருக்கு முன்னால் திரையே கிடையாது. சீலில் கூடுதலாக, முன்கண்ணாடியிலேயே வேகத்தைக் காட்டும் வசதியும் இருக்கிறது.

கியர் பிடியைச் சுற்றிச் சில நிஜமான பொத்தான்களும் உருளைகளும் உள்ளன. ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம், ஓட்டும் முறையை மாற்றலாம். ஆனால் குளிர்சாதனத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கத் திரைக்குத்தான் போக வேண்டும். நின்றிருக்கும்போது இது சுலபம். மாலை ஆறு மணிக்கு, கொட்டுகிற மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையில் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே ஊர்ந்துகொண்டு விரலால் திரையைத் தேடுவது சுலபமில்லை. ஷோரூமில் உட்காரும்போது இதை ஒருமுறை செய்து பாருங்கள். சாலையைப் பார்த்தபடி, திரையைப் பார்க்காமல், குளிரைக் குறைக்க முடிகிறதா?

இரண்டு கைத்தொலைபேசிகளை ஒயர் இல்லாமல் சார்ஜ் செய்யலாம். டைனாடியோ ஒலிபெருக்கிகள் 12 இருக்கின்றன. ஆனால் நம் வெயிலுக்கு, சுழலும் திரையைவிட முன் இருக்கைகளின் காற்றோட்ட வசதிதான் பெரிய வரம். முதுகும் இருக்கையும் ஒட்டிக்கொள்ளாமல் பத்துமலையிலிருந்து ஈப்போவரை போய்வர முடிந்தால் அதுவே சொகுசு.

பின்சீட்டு: அக்காவின் தீர்ப்பு

அக்காவுக்கு 63 வயது. போன வருடம் வலது முட்டியில் அறுவை சிகிச்சை. வாரத்தில் இரண்டு நாள் இயன்முறை சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மகன்தான் கூட்டிப் போகிறான். இந்தக் காரில் அவனைத் தவிர அதிக நேரம் உட்காரப் போகிறவர் அவர்தான்.

"ஏறிப் பாருங்கக்கா" என்றேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கால் நீட்ட இடம் தாராளம். காரின் நீளம் 4,800 மில்லிமீட்டர். அப்போது விற்ற டொயோட்டா கேம்ரியைவிட 85 மில்லிமீட்டர் குறைவு. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,920 மில்லிமீட்டர். கேம்ரியைவிட 95 மில்லிமீட்டர் அதிகம். அந்தக் கூடுதல் இடத்தில் பெரும்பங்கு பின்னால் உட்காருபவரின் காலுக்குத்தான் வந்திருக்கிறது. தரை நடுவில் மேடு இல்லாமல் தட்டையாக இருப்பதால் மூன்றாவது ஆளும் காலை அகட்டி வைக்க வேண்டியதில்லை. குளிர்காற்றுத் துளைகளும் பின்னால் தனியாக உண்டு.

இப்போது முட்டிக்கு வருவோம். இந்தக் காரின் மின்கலம் தரைக்கு அடியில் பாய் விரித்ததுபோல் பரவியிருக்கிறது. மின்கலத்தின் மேல்மூடியே காரின் தரையும்கூட. அதனால் பின்னால் கால் வைக்கும் இடம் உயர்ந்திருக்கிறது. கூரையோ அழகுக்காகவும் காற்றுக்காகவும் தாழ்ந்திருக்கிறது. காரின் மொத்த உயரமே 1,460 மில்லிமீட்டர். தரை மேலே வந்து, கூரை கீழே வந்தால், நடுவில் இருக்கும் இருக்கையைத் தாழ்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை. உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட மேலே போய்விடும். தொடையின் பாதி இருக்கையில் படியாது. சின்ன முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவதுபோல. இது சீலுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. அடியில் மின்கலம் வைத்த தாழ்வான செடான்களில் பொதுவாகக் காண்பதுதான். என்னைப்போல் முட்டி நன்றாக இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம்வரை இது உறைக்கவே உறைக்காது.

அக்கா உள்ளே ஏறியது சிரமமில்லை. முதலில் உட்கார்ந்து, பிறகு காலைத் திருப்பி உள்ளே வைத்தார். மேலே பார்த்து, "அட, வானமே தெரியும் போல" என்றார். கூரை முழுவதும் ஒரே கண்ணாடி. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு அதில் உண்டு. ஆனால் இழுத்து மூடத் துணித்திரை கிடையாது. நம் ஊர் மதிய வெயிலில் அது எப்படி இருக்கும் என்பதை ஷோரூமின் குளிர்சாதன அறையில் தெரிந்துகொள்ள முடியாது.

"எப்படிம்மா இருக்கு?" என்று முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டான் மகன்.

"நல்லாத்தாண்டா இருக்கு. வசதியா இருக்கு."

பிறகு இறங்கினார். அப்போதுதான் நான் அவர் கையைப் பார்த்தேன். ஒரு கை முன்சீட்டின் முதுகை இறுகப் பிடித்திருந்தது. இன்னொரு கை கதவுச் சட்டத்தை. இடது காலை வெளியே வைத்து, ஒருமுறை எழ முயன்று, மறுபடி உட்கார்ந்து, இரண்டாவது முயற்சியில் எழுந்தார். எழுந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். மகன் அப்போது நடுத்திரையில் இருக்கை நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அல்சாவில் அவருக்கு இந்தப் போராட்டம் இல்லை. அதன் இருக்கை நாற்காலி உயரத்தில் இருக்கும். கதவைத் திறந்து, திரும்பி, அப்படியே காலை ஊன்றி நிற்கலாம். அழகில் அல்சா சீலுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் அந்த ஒரு வசதியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

பூட்டும் வட்டியும்

பூட் 400 லிட்டர். முன்மூடியைத் திறந்தால் இன்னொரு 53 லிட்டர் கிடைக்கிறது. சார்ஜ் ஒயரை அங்கே போட்டுவிடலாம். ஒப்பிட்டுச் சொன்னால், இதைவிடச் சிறிய ஹோண்டா சிட்டியின் பூட் 519 லிட்டர். பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்காமல் மூடி மட்டும் திறப்பதால் வாய் அகலமும் கொஞ்சம் குறைவு. அக்காவின் மடக்கும் நடைச்சட்டத்தை அல்சாவிலிருந்து எடுத்துவந்து வைத்துப் பார்த்தோம். படுக்க வைத்தால் போகிறது. அதோடு இரண்டு பெட்டியும் தீபாவளிப் பலகார டின்களும் சேர்ந்தால் அடுக்குவதற்குத் திறமை வேண்டும். உதிரிச் சக்கரம் கிடையாது, ஓட்டையை அடைக்கும் கருவிப்பைதான்.

பணக்கணக்கையும் போட்டுவிடுவோம். அன்றைய விலையில் பிரீமியத்துக்கு 10 விழுக்காடு முன்பணம் கட்டினால் கடன் 161,820 ரிங்கிட். ஆண்டு வட்டி 2.5 விழுக்காடு, ஒன்பது வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறக்குறைய 1,835 ரிங்கிட். கடன் முடியும்போது அக்கா மகனுக்கு 40 வயது. அக்காவுக்கு 72. அந்த ஒன்பது வருடத்தில் அந்த முட்டி இளமையாகப் போவதில்லை.

பக்கத்துக் கடையில் தேத்தாரேக் குடிக்க உட்கார்ந்தோம். அக்கா கை கழுவப் போன நேரம் பார்த்து, நான் கண்டதைச் சொன்னேன்.

அவன் முகம் மாறியது. "அம்மா நல்லா இருக்குன்னு சொன்னாங்களே மாமா?"

"உங்கம்மா இதுவரைக்கும் உன்கிட்ட எதையாவது நல்லா இல்லைன்னு சொல்லியிருக்காங்களா?"

அவன் பதில் பேசவில்லை. திரும்பி வந்த அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். என்மீதுதான் கோபம். "தம்பி, உன்னை யாரு என் காலைப் பார்க்கச் சொன்னது? காரைப் பார்க்கத்தானே வந்தே? அவன் ஆசைப்பட்டு முதல்முதலா ஒண்ணு கேட்கிறான். நான் வாரத்துக்கு ரெண்டு நாள் உட்காரப் போறேன். அவன் தினமும் ஓட்டப் போறான். கொஞ்சம் வலிச்சா வலிச்சிட்டுப் போகுது."

ஒவ்வொரு குடும்பத்திலும் புதுக்கார் இப்படித்தான் வீட்டுக்கு வருகிறது என்று எனக்குத் தோன்றியது. ஓட்டுபவரின் ஆசை சத்தமாகப் பேசும். பின்னால் உட்காருபவரின் வலி வாயைத் திறக்காது.

கடைசியில் வழி சொன்னது மருமகன்தான். "மாமா, அம்மா முன்சீட்ல உட்கார்ந்தா?" நல்ல கேள்வி. முன்னால் காலை நீட்டி வைக்க இடம் உண்டு. தொடையும் படியும். மூவரும் மறுபடி ஷோரூமுக்கு நடந்தோம். முன்னால் ஏறி இறங்குவது அக்காவுக்கு நிஜமாகவே சுலபமாக இருந்தது. ஒரே முயற்சியில் எழுந்தார். ஆனாலும் கூரை தாழ்வு என்பதால் தலையைக் குனிந்துதான் வர வேண்டியிருந்தது.

அன்று புக்கிங் செய்யவில்லை. "சீக்கிரம் எடுங்க சார், வரிவிலக்கு முடிஞ்சிடும்" என்றார் விற்பனையாளர். இறக்குமதி மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31 வரை இருந்தது. அது 2024 மார்ச். ஒரு சனிக்கிழமையைக் காத்திருப்பதற்கு நேரம் இருந்தது.

வரும் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஓட்டிப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறான். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்க இல்லை. அக்கா போகிற மருத்துவமனைவரை. போகும்போது அக்கா முன்சீட்டில், வரும்போது பின்சீட்டில், கண்ணாடிக் கூரைக்கு நேர் கீழே. வீட்டு வாசலில் இறங்கும்போது யாரும் கை கொடுக்கக் கூடாது என்பது என் நிபந்தனை.

சீல் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்றைய விலைக்கு இவ்வளவு அழகும் உட்புறத் தரமும் கொண்ட செடான்கள் நம் சந்தையில் குறைவாகவே இருந்தன. தனியாளாக, அல்லது இளம் தம்பதியாக இருப்பவர்கள் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். உட்கார வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். இறங்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

கிளம்பும்போது மருமகன் அல்சாவின் பின்கதவைத் திறந்துவிட்டான். அக்கா எதையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார்.